வைரம் செய்யப் போனவருக்குக் கிடைத்த சாணைக்கல்! யார் இந்த எட்வர்ட் அச்சிசன்? திருவொற்றியூருக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு சத்தம் காதில் விழும். இரும்பில் கிரைண்டிங் வீல் உரசும் சத்தம். வார்ப்படத்தில் பிசிறு எடுக்கும் இடம், வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை என எங்கு பார்த்தாலும் தீப்பொறி பறந்துகொண்டிருக்கும்.

அந்த வீலை உற்றுப் பார்த்தால் மினுமினுப்பான பொடித் துகள்கள் தெரியும். சில வீல்களில் அந்தத் துகள் சிலிக்கான் கார்பைடு. பட்டறைக்காரர்கள் சொல்லும் பெயர் கார்போரண்டம்.

அரைப்பதற்கு மட்டுமா இது? பம்புகளில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல், குண்டு துளைக்காத கவசம், மின்சார காரின் பவர் சிப் என இன்று பல இடங்களில் இருக்கிறது. அட்வான்ஸ்டு செராமிக்ஸ் என்ற நவீன பீங்கான் வகையில் இது ஒரு முக்கியமான பொருள்.

இதைத் தொழிற்சாலையில் செய்ய முடியும் என்று காட்டியவர் எட்வர்ட் குட்ரிச் அச்சிசன். பெரிய பட்டப்படிப்பு எதுவும் படிக்காத இந்த அமெரிக்கர் தேடியது வேறு, அவருக்குக் கிடைத்தது வேறு. அவர் விட்டுச்சென்ற ஒரு கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. இவ்வளவு கெட்டியான பொருளைக் குறைந்த மின்சாரத்தில், சீக்கிரமாகச் செய்வது எப்படி என்பதுதான் அந்தக் கேள்வி.

16, 17 வயதில் நின்றுபோன படிப்பு

1856-ம் ஆண்டு மார்ச் 9-ம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள வாஷிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார் அச்சிசன். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு உலைகளும் நிறைந்த பகுதி அது. அவருடைய அப்பாவும் இரும்பு உலைத் தொழிலில் இருந்தவர்தான். உலை, கரி, புகை என்றே வளர்ந்தான் சிறுவன்.

1873-ல் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கியது. அதே காலத்தில் அப்பாவும் இறந்துபோனார். அதற்குள் பள்ளிப் படிப்பும் நின்றுவிட்டது. குடும்பத்துக்கு உதவ வேண்டிய நிலையில், ரயில் பாதை போடும் இடங்களில் நில அளவை வேலை என்று கிடைத்த வேலையைச் செய்தார்.

பகலில் வேலை, ராத்திரியில் மின்சாரம் பற்றிய படிப்பும் பரிசோதனையும். நிலக்கரிச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்க ஒரு இயந்திரத்தை அவர் யோசித்தபோது வயது 17 தான்.

எடிசனிடம் கிடைத்த வேலை

1880-ல் அச்சிசனுக்கு வயது 24. மின்விளக்கு மூலம் உலகப் புகழ் பெற்றிருந்த தாமஸ் ஆல்வா எடிசனின் மென்லோ பார்க் ஆய்வகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

அந்தக் காலத்து பல்புக்குள் ஒளிர்ந்தது கரி இழை. அந்த இழையை மேம்படுத்தும் ஆராய்ச்சியில் அச்சிசன் சேர்க்கப்பட்டார். கரியில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது எவ்வளவு சூடாகும், எப்படி மாறும் என்று அங்கே கற்றதுதான் பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது.

அடுத்த ஆண்டே எடிசன் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1881-ல் பாரிஸில் நடந்த சர்வதேச மின்சாரக் கண்காட்சிக்குப் போனவர், பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி என்று ஊர் ஊராக மின்விளக்கு அமைக்கும் வேலையில் இருந்தார். 1884-ல் அமெரிக்கா திரும்பி, எடிசனிடமிருந்து விலகினார். சொந்தமாக ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

இரும்புக் கிண்ணத்தில் நடந்த திருப்பம்

1890-களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவின் மொனாங்கஹேலா என்ற ஊரில் தெருவிளக்குகளுக்கான மின் நிலையம் ஒன்றை அமைத்தார் அச்சிசன். அதனால் பரிசோதனைக்குத் தேவையான மின்சாரம் அவர் கையிலேயே இருந்தது.

செயற்கையாக வைரம் செய்ய முடியுமா என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட கேள்வி. வைரமும் கார்பன்தான், கரியும் கார்பன்தான் எனும்போது, போதுமான சூடு கொடுத்தால் ஒன்று மற்றொன்றாகாதா என்று யோசித்தார்.

1891-ல் ஒரு இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் கோக் தூளையும் கலந்து நிரப்பினார். நடுவில் ஒரு கரித் தண்டைச் செருகி, அதிலும் கிண்ணத்திலும் மின் இணைப்பு கொடுத்தார். கலவை பழுக்கக் காய்ந்தது. ஆறிய பிறகு பார்த்தால் வைரம் இல்லை. ஆனால் கரித் தண்டின் முனையில் சில மினுமினுப்பான படிகங்கள் ஒட்டியிருந்தன.

பலர் அதைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். அச்சிசன் ஒரு படிகத்தைப் பென்சில் முனையில் ஒட்டி ஜன்னல் கண்ணாடியில் இழுத்துப் பார்த்தார். கண்ணாடியில் கோடு விழுந்தது!

பெயரே தப்பு!

கிடைத்த பொருள் என்னவென்று அவருக்கே தெரியவில்லை. களிமண்ணில் அலுமினா இருக்கிறது, அலுமினாவின் படிகத்துக்குக் கொரண்டம் என்று பெயர். எனவே இது கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருளாக இருக்கும் என்று நினைத்து, கார்போரண்டம் என்று பெயர் வைத்தார்.

பிறகு சோதித்துப் பார்த்ததில், அதில் இருந்தது கார்பனும் சிலிக்கானும் என்று தெரிந்தது. அதாவது சிலிக்கான் கார்பைடு. பெயர் தப்புதான். ஆனால் அதற்குள் நிலைத்துவிட்டது.

இயற்கையில் இது மிகமிக அரிது. அரிசோனாவில் விழுந்த ஒரு விண்கல்லில் இதே பொருள் இருப்பதை பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி முவாசான் பின்னர் கண்டறிந்தார். அதனால்தான் நகைக்கடைகளில் இன்று மாய்சனைட் என்று விற்கும் கல்லுக்கு அவர் பெயர். அச்சிசன் தேடிய வைரம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் செய்த பொருள் இன்று வைரத்துக்குப் பதிலாக மோதிரத்தில் ஏறுகிறது.

ஒரு பவுண்டு 880 டாலர்

முதல் வாடிக்கையாளர்கள் நியூயார்க்கில் ரத்தினக் கற்களைப் பட்டை தீட்டுபவர்கள். ஒரு கேரட் 40 சென்ட் என்று விற்றார் அச்சிசன். கணக்குப் போட்டால் ஒரு பவுண்டு, அதாவது அரை கிலோவுக்கும் குறைவான பொடி, சுமார் 880 டாலர்! இந்த விலையில் யார் இரும்பு அரைப்பார்கள்?

1891-லேயே கார்போரண்டம் கம்பெனி தொடங்கப்பட்டது. 1893 பிப்ரவரி 28-ல் காப்புரிமையும் கிடைத்தது. அதே ஆண்டுதான் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது.

சிகாகோ உலகக் கண்காட்சிக்கு மின்விளக்கு அமைக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றவர் எடிசனின் போட்டியாளர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். எடிசனின் பல்பு வடிவத்தை அவர் பயன்படுத்த முடியாதபடி காப்புரிமை தடுத்தது. எனவே பாட்டிலுக்கு மூடி போடுவதைப் போல, கண்ணாடி அடைப்பான் போட்ட பல்பைச் செய்ய முடிவெடுத்தார். அந்த அடைப்பானைக் கச்சிதமாக அரைக்க, 60,000 சின்னச் சின்ன கார்போரண்டம் சக்கரங்களை ஆர்டர் செய்தார்.

எடிசனிடம் தொழில் கற்றவரின் கண்டுபிடிப்பு, எடிசனின் போட்டியாளருக்குக் கைகொடுத்தது.

இயக்குநர்களை விரட்டிய முடிவு

விலை குறைந்தால்தான் சந்தை பெருகும் என்பது அச்சிசனுக்குத் தெரியும். அதற்கு மலிவான மின்சாரம் வேண்டும்.

காரணம் அவர் வடிவமைத்த உலை. அச்சிசன் உலை என்றே இன்றும் அதற்குப் பெயர். நீளமான தொட்டியில் மணலும் கோக்கும் கலந்த கலவையைக் கொட்டுவார்கள். புகை வெளியேற இடம் கிடைக்க மரத்தூளும், அசுத்தங்களை நீக்க உப்பும் கொஞ்சம் சேர்ப்பார்கள். நடுவில் நீளவாக்கில் கரித் துண்டுகளாலான ஒரு மையம். அதன் வழியாக மணிக்கணக்கில் மின்சாரம் பாயும். மையத்தில் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மணலில் உள்ள சிலிக்கான், கரியோடு சேர்ந்து படிகமாகும். உலை ஆற விட்டு, ஓட்டை உடைப்பதுபோல உடைத்து எடுக்க வேண்டும்.

இந்த முறையில் ஒரு கிலோ சிலிக்கான் கார்பைடுக்கு இன்றும் தோராயமாக 7 முதல் 10 யூனிட் மின்சாரம் தேவை.

அப்போதுதான் நயாகரா அருவியில் பிரம்மாண்டமான நீர்மின் நிலையம் எழுந்துகொண்டிருந்தது. அங்கே 1,000 குதிரைத்திறன் மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டார் அச்சிசன். அவருடைய பழைய ஆலையின் திறன் வெறும் 134 குதிரைத்திறன். அதில் தயாரான சரக்கிலேயே பாதிதான் விற்றுக்கொண்டிருந்தது.

விற்காத சரக்குக்கு ஏழு மடங்கு பெரிய ஆலையா? நிறுவனத்தின் இயக்குநர்கள் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்துவிட்டார்கள்.

அச்சிசன் அசரவில்லை. 1895-ல் ஆலை நயாகராவுக்கு மாறியது. உற்பத்தி பெருகி விலை சரிந்தது. டாலர் கணக்கில் விற்ற பொடி சென்ட் கணக்குக்கு வந்தது. சாணைக்கல் பட்டறைக்குள் நுழைந்தது. கார், விமான பாகங்களைத் துல்லியமாக அரைக்கும் தொழில் வளர இதுவும் ஒரு காரணம்.

ஜெயித்தது கம்பெனி, தோற்றது யார்?

ஆனால் இந்த விரிவாக்கத்துக்குத் தேவையான பணம் அச்சிசனிடம் இல்லை. பிட்ஸ்பர்க்கின் வங்கிக் குடும்பமான மெலன் குடும்பத்திடமிருந்து வந்தது. பணத்தோடு அதிகாரமும் மெல்ல அவர்கள் பக்கம் போனது. 1890-களின் முடிவில் தான் உருவாக்கிய கம்பெனியின் பிடி அவர் கையில் இல்லை.

இன்னொரு அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. மின்சாரத்தால் பழுக்கக் காய வைத்துப் பொருட்களைப் பிரித்தெடுக்கும் முறையில் முன்னுரிமை தங்களுக்கே என்று வேறொரு நிறுவனம் வழக்குப் போட்டது. 1900-ல் வந்த தீர்ப்பு அந்த நிறுவனத்துக்குச் சாதகமாக அமைந்தது.

கண்டுபிடித்தவர் ஒருவர், முதல் போட்டவர் இன்னொருவர், லாபம் யாருக்கு? தொழில் உலகில் இந்தக் கேள்வி புதிதல்ல. அச்சிசன் அதற்காக உட்கார்ந்து புலம்பவில்லை. அவர் கையில் அடுத்த கண்டுபிடிப்பு தயாராக இருந்தது.

ஓவராகச் சூடானதில் வந்த கிராஃபைட்

கார்போரண்டத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் என்ன ஆகும்? சிலிக்கான் ஆவியாகிப் போய்விட, மிஞ்சியது சுத்தமான கிராஃபைட். 1896-ல் இதற்கும் காப்புரிமை வாங்கினார் அச்சிசன். 1899-ல் கிராஃபைட்டுக்கென்று தனி நிறுவனம் தொடங்கினார். பழைய இரும்பை உருக்கும் ஆர்க் உலைகளில் இன்றும் மின்சாரத்தைக் கொண்டுபோவது கிராஃபைட் தண்டுகள்தான்.

வைக்கோல் சொல்லிக்கொடுத்த பாடம்

பீங்கான் தொழிலுக்கு அச்சிசன் செய்த இன்னொரு உதவி அதிகம் பேசப்படுவதில்லை. உலோகம் உருக்கும் மூசைகளுக்கு அமெரிக்காவில் ஜெர்மனியிலிருந்து களிமண்ணை வரவழைத்தார்கள். உள்ளூர் மண்ணுக்கு அந்தக் குழைவு இல்லை. ஏன் என்று ஆராய்ந்தார் அச்சிசன். களிமண்ணோடு டானின் என்ற தாவரச் சாறு சேர்ந்தால் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிகின்றன, குறைந்த தண்ணீரிலேயே குழைகின்றன, காய்ந்தபின் உறுதி கூடுகிறது என்று கண்டார்.

எகிப்தில் செங்கல்லுக்கு வைக்கோல் சேர்த்ததாக பைபிளில் வரும் செய்தி அவருக்கு நினைவுக்கு வந்தது. வைக்கோல் ஊறிய தண்ணீரிலும் சோதித்தார். பலன் கிடைத்தது! அந்த மண்ணுக்கு எகிப்தியக் களிமண் என்ற பொருளில் பெயரும் வைத்தார்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? மண்ணில் தண்ணீர் குறைந்தால் உலர வைக்கும் நேரமும் எரிபொருளும் குறையும். இன்று பீங்கான் ஆலைகளில் கலவையைக் கூழாக்கும்போது, துகள்களைப் பிரிக்கும் ரசாயனம் சேர்ப்பது இதே தத்துவத்தில்தான்.

அதே டானினை கிராஃபைட் தூளோடு சேர்த்தபோது, தூள் தண்ணீரில் அடியில் தங்காமல் மிதந்தது. அக்வாடேக் பிறந்தது. எண்ணெயில் கலந்தது ஆயில்டேக். நம் வீடுகளில் இருந்த பழைய டப்பா டிவியின் பிக்சர் டியூபுக்குள் கறுப்பாகப் பூசப்பட்டிருந்தது இந்த அக்வாடேக் பூச்சுதான்!

சுமார் 70 காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரரான அச்சிசன், 1931 ஜூலை 6-ம் தேதி நியூயார்க்கில் காலமானார். மின்வேதியியலில் சாதிப்பவர்களுக்கு அவர் பெயரில் ஒரு விருது உண்டு. 1929-ல் அதை முதலில் பெற்றவரும் அவரே.

திருவொற்றியூருக்கு வந்த கார்போரண்டம்

அச்சிசன் இறந்து 23 ஆண்டுகள் கழித்து, 1954-ல் அவர் தொடங்கிய அமெரிக்க கார்போரண்டம் கம்பெனி, பிரிட்டனின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனி, தமிழ்நாட்டின் முருகப்பா குழுமம் ஆகிய மூன்றும் கைகோத்தன. அப்படிப் பிறந்ததுதான் கார்போரண்டம் யுனிவர்சல். இடம், வடசென்னையின் திருவொற்றியூர் நெடுஞ்சாலை.

சென்னை மாவட்டம் 2018-ல் விரிவாக்கப்படும் வரை திருவொற்றியூர், திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கிருந்து வடக்கே போகும் சாலை எண்ணூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று நீளும் தொழிற்பட்டைக்குள் போகிறது.

அச்சிசனுக்கு நயாகரா என்றால், இந்த நிறுவனத்துக்கு மணியாறு. கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில் உள்ள மணியாறில், தன் ஆலைத் தேவைக்காக 12 மெகாவாட் நீர்மின் நிலையத்தை 1990-களில் அமைத்தது கார்போரண்டம் யுனிவர்சல். ஓசூரில் தொழிற்துறை பீங்கான் பாகங்களுக்கான ஆலையும் இதற்கு உண்டு. 2007-ல் ரஷ்யாவின் வோல்ஷ்ஸ்கி நகரில் உள்ள சிலிக்கான் கார்பைடு ஆலையையும் வாங்கியது.

100 ஆண்டுகள் கழிந்தும் சூத்திரம் மாறவில்லை. சிலிக்கான் கார்பைடு செய்ய வேண்டுமென்றால் முதலில் மின்சாரத்துக்கு வழி பார்க்க வேண்டும்.

இன்றைய சிக்கல் என்ன?

பொடி செய்வது பாதி வேலைதான். அதைப் பாகமாக்குவது மீதி. பொடியை அச்சில் அழுத்தி, உருக்காமலேயே சூட்டில் துகள்களை ஒட்டவைக்க வேண்டும். இதற்கு சின்டரிங் என்று பெயர். செங்கல் சூளையின் வேலைதான், ஆனால் சிலிக்கான் கார்பைடுக்கு இது லேசில் நடக்காது. 1970-களில்தான் கொஞ்சம் போரானும் கார்பனும் சேர்த்தால், அழுத்தமில்லாமலே சுமார் 2,000 டிகிரியில் ஒட்டும் என்று கண்டுபிடித்தார்கள்.

அப்போதும் மணிக்கணக்கில் உலை எரிய வேண்டும். இதில் பெரும்பகுதி வெப்பம் பாகத்துக்குப் போவதில்லை. உலையின் சுவரைச் சூடாக்கவும், பிறகு ஆறவும் வீணாகிறது. ஒரு தோசைக்காக அடுப்படி முழுவதையும் சூடாக்குவதைப் போல.

தீர்வு? உலையை விட்டுவிட்டு பாகத்தை மட்டும் சூடாக்குவது. 2010-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ரிஷி ராஜ் குழுவினர், சிர்கோனியா பீங்கானில் நேரடியாக மின்னழுத்தம் கொடுத்தனர். வழக்கமாக 1,400 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் நடக்கும் வேலை, சுமார் 850 டிகிரியில் 5 விநாடிக்குள் முடிந்தது. இதற்கு ஃபிளாஷ் சின்டரிங் என்று பெயர்.

2020-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழு, இரண்டு கார்பன் பட்டைகளுக்கு நடுவே பீங்கானை வைத்து, பட்டைகளில் மின்சாரத்தைப் பாய்ச்சியது. சுமார் 10 விநாடியில் பீங்கான் தயார்.

கார்பனில் மின்சாரம் பாய்ச்சி பக்கத்தில் உள்ள பொருளைப் பழுக்க வைப்பது... எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா? 1891-ல் இரும்புக் கிண்ணத்தில் அச்சிசன் செய்ததும் இதுதானே!

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. வேகமாகச் சூடாக்கினால் பெரிய பாகங்களில் வெப்பம் சீராகப் பரவாது, விரிசல் விழும். பொத்தான் அளவில் ஜெயித்த முறை, பம்பு சீல் அளவிலும் கவசத் தகடு அளவிலும் ஜெயிக்க வேண்டும். ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே உள்ள தூரம் அது.

இது ஏன் நமக்கு முக்கியம்?

திருவள்ளூர் மாவட்டக்காரர்களுக்கு மின்சாரம் சுவிட்சிலிருந்து வருவதில்லை, நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம், அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் படிவதாக மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

சிலிக்கான் கார்பைடு செய்யும்போது மின்சாரத்தைத் தவிர, அந்த வேதிவினையிலேயே கிலோவுக்கு 1.4 கிலோ கார்பன் மோனாக்சைடு வெளியாகிறது. அது எரிந்தால் 2.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மின்சார கார் சுத்தமானது என்று சொல்வதற்கு முன், அதன் சிப்புக்கான மூலப்பொருள் எந்த மின்சாரத்தில் வெந்தது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

உலையில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும், எங்கோ எரியாத கரி. சின்ன ஃபவுண்டரிக்காரருக்கு அது குறையும் கரண்ட் பில். ஆற்றங்கரையில் வலை வீசுபவருக்குக் குறையும் சாம்பல்.

இயக்குநர்கள் எல்லாரும் எழுந்து போன பிறகும் அச்சிசன் நயாகராவைத் தேடிப் போனார். அன்று அவருக்குத் தேவைப்பட்டது அதிக மின்சாரம். இன்று அவருடைய பொருளுக்குத் தேவைப்படுவது குறைந்த மின்சாரம். அதைக் கண்டுபிடிக்கப்போகிறவர், ஏதோ ஒரு பட்டறையில் உடைந்த உலைக்குள் கிடக்கும் மினுமினுப்பைத் தட்டிவிடாமல் கையில் எடுத்துப் பார்ப்பவராகக்கூட இருக்கலாம்.